போன் பேசிட்டு வந்தியா தம்பி?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் போலீஸ்காரர் இல்லை. கீரனூர் பக்கம் ஒரு பெரியவர். சைக்கிள் கேரியரில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி நின்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் உண்மைதான். ஆனாலும் அந்தப் பதில் இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் நவம்பர் மாசம். காரைக்குடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். முடித்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் மாமாவுடையது, வாங்கி மூணு மாசம்கூட ஆகவில்லை. கல்யாண வீட்டில் இரண்டு நாள் ஓடியாடிக் களைத்துப் போயிருந்த மாமா, "மாப்ள, நீ ஓட்டுறா" என்று சாவியைக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா பக்கத்து சீட்டில். அம்மாவும் அத்தையும் பின்னால்.

எனக்கு லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கற்றுக்கொண்டது சித்தப்பாவின் பழைய மாருதி 800-ல். அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டேஷ்போர்டில் மொத்தமே நாலைந்து சமாச்சாரம்தான். இழுக்கிற லீவர், திருகுகிற குமிழ், அமுக்குகிற சுவிட்ச். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். சித்தப்பா முதல் வாரமே கற்றுக்கொடுத்தது, "கை போற இடத்துக்குக் கண்ணு போகக் கூடாதுடா" என்பதுதான். ஒரு மாசத்தில் எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஏசி மட்டும் வேலை செய்யாது, அது வேறு கதை :-)

மாமா காரில் நடுவில் ஒரு பெரிய தொடுதிரை. பாட்டு, மேப், ஏசி, கேமரா எல்லாம் அதற்குள். பார்ப்பதற்கு டேப்லெட்டை எடுத்து ஒட்டவைத்தது மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் சின்னப் பசங்க எல்லாம் அதைத் தொட்டுப் பார்க்க க்யூவில் நின்றார்கள். நானும் மனசுக்குள் அந்த க்யூவில்தான் நின்றேன்.

புதுக்கோட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அஞ்சரை மணிக்கே இருட்டு. ஜன்னலை எல்லாம் ஏற்றிவிட்டோம். நாலு பேர் மூச்சுக்காற்று, கண்ணாடி உள்பக்கம் மெல்ல மெல்லப் பனி பிடிக்க ஆரம்பித்தது. 800-ஆக இருந்தால் ஒரு லீவரைத் தள்ளியிருப்பேன், அதுவும் கேட்காவிட்டால் ஒரு துணி. இதில் என்ன செய்வது? திரையில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கி ஏசி பக்கத்துக்குப் போக ஒரு தட்டு. உள்ளே கண்ணாடிக்குக் காற்றடிக்கும் படம் எது என்று தேடி இன்னொரு தட்டு. அது கேட்கவில்லை. விரல் ஈரம். மறுபடி ஒரு தட்டு.

நிமிர்ந்தேன். முன்னால் புல்லுக்கட்டு.

ரோட்டோரம் தண்ணீர் தேங்கியிருந்ததால் பெரியவர் சைக்கிளைத் தார் ரோட்டுக்கு ஏற்றியிருக்கிறார். தப்பு அவர் மேல் துளியும் இல்லை. பிரேக்கை மிதித்ததும் காலுக்குக் கீழே தடதடவென்று அதிர்ந்து கார் நின்றது. இடது பக்கக் கண்ணாடி புல்லுக்கட்டை உரசிக்கொண்டு நின்றது. சைக்கிள் சாய்ந்து, பெரியவர் காலை ஊன்றிவிட்டார். பெடல் கிழித்துக் கணுக்காலில் ரத்தம். அவ்வளவுதான். அவ்வளவோடு போனது.

ஓடிப்போய்ச் சைக்கிளைத் தூக்கினேன். கை நடுங்கியது. அவர் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணியிருந்த ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்கினார். அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"போன் பேசிட்டு வந்தியா தம்பி?"

"இல்லைங்க ஐயா. போனைத் தொடவே இல்லைங்க."

மாமாவும் இறங்கி வந்து, "இவன் வண்டி ஓட்டுறப்ப போனே எடுக்க மாட்டான் பெரியவரே, கண்ணாடில பனி மறைச்சிருச்சு" என்று சேர்த்துக்கொண்டார். காலுக்கு மருந்து வாங்கிக்கச் சொல்லி இருநூறு ரூபாயை நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. "பாத்துப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஏறி மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

போனைத் தொடவில்லை. நூறு சதவீதம் உண்மை. அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். (பி.காம் படிக்கிறவன் துக்கத்திலும் கணக்குத்தான் போடுவான்.) மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 16.7 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் நீளம் 20 மீட்டர் சொச்சம். அதாவது மூணு வினாடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர், இரண்டரை பிட்ச் தூரம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அதற்குப் பிறகு நிமிர்ந்து, பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஆகும் நேரம் தனி. நான் போனது 50-க்குள்தான். அதனால் பிழைத்தோம். பிழைத்தோம் என்று பன்மையில் சொல்கிறேன். அடிபட்டிருந்தால் அது அவருக்கு மட்டும்தான் பட்டிருக்கும், காருக்குள் இருந்த நாலு பேருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் நின்ற காரில் உட்கார்ந்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அதே வேலையைச் செய்து பார்த்தேன். வண்டி நிற்கிறது, மழை இல்லை, எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அப்படியும் மேப்பிலிருந்து கண்ணாடிக் காற்று வரை 9 வினாடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 125 மீட்டர்.

இதையெல்லாம் எனக்கு முன்னாலேயே யாராவது அளந்திருப்பார்களே என்று தேடினேன். அளந்திருக்கிறார்கள். 2022-ல் சுவீடனின் 'வி பீலேகாரே' என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. பதினொரு புதுக் கார்கள், அவற்றோடு 2005-ஆம் வருஷத்து வோல்வோ வி70 ஒன்று, அதில் எல்லாமே பட்டன். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும்போது சீட்டுச் சூட்டைப் போடுவது, ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவது மாதிரி நாலு வேலைகள் செய்ய வேண்டும். ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பதினேழு வயசு வோல்வோவில் நாலும் 10 வினாடியில் முடிந்தது, 306 மீட்டர். கடைசியாக வந்த காரில் 44.6 வினாடி. அதற்குள் கார் 1,372 மீட்டர் போய்விட்டது. ஒன்றே கால் கிலோமீட்டருக்கு மேல்!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓட்டுகிறவனின் கவனம் மூணு வழியில் சிதறும் என்கிறார்கள். கண் ரோட்டை விட்டுப் போவது, கை ஸ்டியரிங்கை விட்டுப் போவது, மனசு ஓட்டுவதை விட்டுப் போவது. பட்டன் கையை மட்டும் கேட்கும், அதுவும் ஒரு நொடி. மேடு பள்ளம் இருப்பதால் தடவியே கண்டுபிடித்துவிடலாம், அமுங்கியது விரலுக்கே தெரியும். திரை வழவழவென்று ஒரே சமதளம். எது எங்கே என்று கண் சொன்னால்தான் கைக்குத் தெரியும். தட்டியது பதிந்ததா என்று பார்க்க மறுபடி கண் போக வேண்டும். எந்தப் பக்கத்துக்குள் எது இருக்கிறது என்று மனசு யோசிக்க வேண்டும். மூணையும் ஒரே நேரத்தில் கேட்கிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. ரோட்டிலிருந்து கண்ணை இரண்டு வினாடிக்கு மேல் எடுத்தால் விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ ஏற்படும் ஆபத்து குறைந்தபட்சம் இரட்டிப்பாகிறது என்றது அது. 2013-ல் அந்த நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை கார் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. காருக்குள் இருக்கும் எந்தக் கருவியும் ஒரு தடவைக்கு 2 வினாடிக்கு மேல் கண்ணைக் கேட்கக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று. நல்ல யோசனை. ஆனால் அது வெறும் வழிகாட்டுதல், கட்டாயம் இல்லை.

"அதுக்குத்தான் குரலாலேயே சொல்ற வசதி இருக்கே" என்று கேட்பீர்கள். மாமாவும் அதைத்தான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். "ஏசியைக் குறை" என்றார். அது ஏதோ இந்திப் பாட்டைத் தேடிப் போட்டது. "டேய் நிறுத்துடா" என்றார். சத்தம் கூடியது. ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். நல்லவேளை, வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் இந்த விஷயத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும், சில கார்களில் ஓட்டுநரின் கவனம் முழுசாக ரோட்டுக்குத் திரும்ப 27 வினாடி வரை ஆகிறது என்று 2015-ல் அவர் குழு சொன்னது. கண் ரோட்டில்தான் இருக்கும், ஆனால் மனசு அங்கே இருக்காது.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள்? இங்கேதான் என் பாடம் உதவிக்கு வருகிறது.

காரில் திரை புதுசு ஒன்றும் இல்லை. 1986-லேயே ப்யூக் ரிவியேரா என்ற அமெரிக்கக் காரில் தொடுதிரை வந்துவிட்டது, பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் மாதிரி பச்சை எழுத்தோடு. 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்த பிறகு அதுவே நாகரிகம் ஆனது. அதோடு 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். கேமரா என்றால் படம் காட்ட ஒரு திரை வேண்டும்.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள் மக்களே. ஒரு பட்டன் என்றால் அதற்கு அச்சு வேண்டும், ஒயர் வேண்டும், பொருத்த ஆள் வேண்டும், ஸ்டாக் வைக்க இடம் வேண்டும். ஒவ்வொரு காருக்கும் அந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும். திரை எப்படியும் வைத்தாகிவிட்டது. அதில் இன்னொரு படத்தைச் சேர்க்க மென்பொருளை ஒரு தடவை எழுதினால் போதும். லட்சம் காருக்கும் அதேதான். மார்ஜினல் காஸ்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். போதாததற்கு ஷோரூமில் பளபளவென்று இருக்கும். கம்பெனிக்குச் செலவு மிச்சம், விலையும் கூடுதலாக வைக்கலாம். நான் அந்தக் கம்பெனியில் அக்கவுண்டண்டாக இருந்தால் நானும் பட்டனைத்தான் வெட்டியிருப்பேன்.

ஆனால் மிச்சமான காசு உண்மையில் மிச்சமா? 1920-ல் பிகூ என்ற பொருளாதார அறிஞர் எழுதியது எங்கள் பாடத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து வரும் கரியை, தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் துவைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் செலவு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. புறவிளைவு என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். கீரனூர் ரோட்டில்தான் அது எனக்குப் புரிந்தது. பட்டனை எடுத்ததில் கம்பெனிக்கு லாபம். பெரிய திரை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குப் பெருமை. கணுக்காலில் ரத்தம், அந்தக் காரில் ஒரு நாளும் ஏறாத பெரியவருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்திக்கொண்டே ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதலில் சேர்ந்தது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஐயாயிரம் வரை அபராதம், ஜெயில்கூட உண்டு. 2020 அக்டோபரிலிருந்து, வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. கவனித்தீர்களா, எல்லாம் கையைப் பற்றித்தான். காதில் போன் வைத்தவனை சிக்னலில் நிறுத்தலாம். திரையில் மூணு தட்டுத் தட்டியவனை யாரும் நிறுத்தப் போவதில்லை. 2021-ல் மட்டும் ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் இந்தியாவில் 1,040 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. என் மாதிரி ஆள் ஒருவன் யாரையாவது இடித்திருந்தால் அந்தக் கணக்கில் வந்திருக்காது. 'போன் தொடவில்லை' ஆயிற்றே.

ஜெர்மனியில் ஒருவர் மழையில் டெஸ்லா ஓட்டிக்கொண்டே, வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய் ரோட்டை விட்டு இறங்கி மரங்களில் மோதினார். திரையும் போன் மாதிரி ஒரு மின்னணுக் கருவிதான் என்று 2020-ல் கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 200 யூரோ அபராதம், ஒரு மாசம் வண்டி ஓட்டத் தடை. படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் வைப்பர், நான் கண்ணாடிப் பனி. மற்றபடி அதே மழை, அதே விரல். கேட்கத் தோன்றும், வைப்பரைத் திரைக்குள் வைத்தவனுக்கு எத்தனை யூரோ? அந்தக் கேள்விக்கு மெதுவாகப் பதில் வர ஆரம்பித்திருக்கிறது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2026-லிருந்து இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் மாதிரி பெரிய கம்பெனியே பட்டனை எடுத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு திரும்பக் கொண்டுவருகிறது. நம் ஊரில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பில், காருக்குள் இருக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் எவ்வளவு பாதுகாப்பு என்பதற்குத்தான் முக்கியமாக மதிப்பெண். அதுவே பெரிய விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் புல்லுக்கட்டோடு போகிறவரும் ஒரு நட்சத்திரத்துக்காவது கணக்கில் வர வேண்டும் இல்லையா?

திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்பக்கக் கேமரா நல்ல விஷயம், வாசலில் தவழும் குழந்தையைக் காட்டும். கையில் போனை வைத்து வழி பார்ப்பதைவிடப் பெரிய எழுத்தில் மேப் தெரிவது மேல். 1930-களில் கார் ரேடியோ வந்தபோதே இதைத் தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் பேச்சு எழுந்ததாம். புதுசாக வந்த எல்லாவற்றையும் திட்டும் கிழவன் ஆக எனக்கு இன்னும் வயசு இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். வண்டி ஓடும்போது அவசரமாகத் தேவைப்படுகிற ஐந்தாறு விஷயங்களைத் தடவிக் கண்டுபிடிக்கும்படி வையுங்கள். மீதியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் சில சட்டங்கள் போட்டிருக்கிறோம். வண்டி கிளம்பும் முன்பே மேப், பாட்டு, ஏசி எல்லாம் முடிந்துவிட வேண்டும். நடுவில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் கண்டக்டர், திரை அவர் பொறுப்பு. தனியாகப் போனால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். இரண்டு நிமிஷம் தாமதமானால் ஆகட்டும். அப்புறம், டிரைவர் கதவுப் பையில் ஒரு பழைய துணி. அத்தையின் பழைய காட்டன் சேலையைக் கிழித்தது. அத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காரில் இதுதான் எனக்குப் பிடித்த பாகம் :-)

உங்கள் வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்றால் ஒரு சின்னச் சோதனை. ஷோரூமில் நிற்கும் காரில் உட்கார்ந்து எது எங்கே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வைப்பர், ஹசார்ட் விளக்கு, கண்ணாடிக்குக் காற்று, ஏசி வேகம் நாலையும் போட்டுப் பாருங்கள். சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும். எத்தனை அங்குலத் திரை என்று கேட்பதற்குப் பதில் இதைக் கேட்கிறவர்கள் பத்துப் பேர் வந்தால், அந்தச் செய்தி கம்பெனிக்குப் போகும். விற்காத பொருளை யாரும் செய்ய மாட்டார்கள், அதுவும் எங்கள் பாடத்தில் இருக்கிறது.

பொங்கலுக்குக் காரைக்குடி போனபோது கீரனூர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போனேன். புல்லுக்கட்டு வைத்த சைக்கிள்கள் இரண்டு மூணு போயின. அவர் இல்லை. "என்னடா தேடுற, ரோட்டப் பாரு" என்றார் மாமா. கிடைத்திருந்தால் நிறுத்தி, அன்றைக்குச் சொன்னதை மாற்றிச் சொல்லியிருப்பேன். போன் பேசலைங்க ஐயா, ஆனா ரோட்டையும் பார்க்கலை.

பி.கு.: இந்தக் கதையைப் படித்துவிட்டு "நான் அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லப்போகும் என் வகுப்பு நண்பர்களுக்கு: பைக்கில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிற நாலு பேர் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை. அடுத்த தடவை போட்டுவிடுவேன்.